டேட்டிங் ஆப்பில் சிக்கும் நம் வேலூர் மாணவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

ஓட்டேரி டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

வேலூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் மனம்விட்டுப் பேச வந்தால் உட்கார்ந்து கேட்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. கொஞ்ச காலமாக அந்தப் பேச்சுகளில் டேட்டிங் ஆப் அடிக்கடி வருகிறது. டிண்டர், பம்பிள், ஹிஞ்ச், ஆண்களை விரும்பும் பையன்கள் சிலரிடம் அவர்களுக்கான கிரைண்டர். கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆப்பில் அறிமுகம், ஓரிரு நாளில் இன்ஸ்டாகிராம், அங்கிருந்து வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம். அப்புறம் படம் கேட்கிறார்கள், வீடியோ காலுக்குக் கூப்பிடுகிறார்கள், கடைசியில் பணம் கேட்கிறார்கள். சிலருக்கு நேரில் பார்க்கப் போன இடத்திலேயே விபரீதம் நடந்துவிடுகிறது.

நான் இங்கே பேச வந்தது வேறொன்று. மிரட்டல் வந்தது என்று சொல்லும் பிள்ளையிடம், "படத்தை என்ன செய்வதாகச் சொல்கிறான்?" என்று கேட்பேன். இணையத்தில் போட்டுவிடுவான் என்று சொல்பவர்கள் குறைவு. "அப்பா நம்பர் வெச்சிருக்கான் மேடம்", "வார்டனுக்கு அனுப்பிடுவானாம்", "எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுவேன்னு சொல்றான்". இந்தப் பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஆளுக்கு எங்கள் பிள்ளைகளைத் தெரியாது, ஆனால் அவர்கள் வீட்டைப் பற்றிய பயத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். அதை வைத்துத்தான் பணம் பறிக்கிறான், கூப்பிட்ட இடத்துக்கு வர வைக்கிறான்.

குற்றவியலில் 1979ல் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் எழுதிய ஒரு விளக்கத்தை வகுப்பில் நடத்துவேன். ஒரு குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும்: செய்யத் துணிந்த ஒருவன், அவன் கைக்கு எட்டும் ஒரு ஆள், தடுக்கக்கூடியவர் யாரும் அருகில் இல்லாத நிலை. முதல் இரண்டையும் ஆப் ஒரே திரையில் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறது. மூன்றாவதை உருவாக்குவது வீடும் ஹாஸ்டலும் கல்லூரியும்தான் என்று நான் நம்புகிறேன். தடுக்கக்கூடிய ஆளிடமே சொல்லப் பயந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இதைப் பார்த்தவர்கள், அனுபவித்தவர்கள் எழுதுங்கள்.

நெறியாளர்

யாருடைய பெயர், போன் எண், கல்லூரிப் பெயர், ஸ்க்ரீன்ஷாட் எதையும் இங்கே போட வேண்டாம். போட்டால் நீக்கிவிடுவேன்.

குடியாத்தம் அப்பா

என் மகள் காட்பாடியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டீச்சர் எழுதியதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இந்த ஆப் எதற்கு என்பதுதான் எனக்கு முதலில் வரும் கேள்வி. ஹாஸ்டல் வைஃபையில் இதையெல்லாம் தடுத்து வைக்க முடியாதா? மாதம் ஒரு முறை போனை வாங்கிப் பார்த்தால் என்ன? பெற்றவன் பயத்தில் கேட்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காட்பாடி ஹாஸ்டலர்

அங்கிள், வைஃபையில் தடுத்தால் எல்லோரும் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுவார்கள். போனை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தால், பார்க்கும் நாளுக்கு முன்னால் ஆப் அழிந்து, மறுநாள் திரும்ப வந்துவிடும். அதைவிட மோசம், ஏதாவது நடந்தால் உங்களிடம் சொல்லும் எண்ணமே அவளுக்கு வராது.

நான் இறுதியாண்டு. நானும் ஆப் வைத்திருந்தேன். எங்கள் ஹாஸ்டலில் நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. பேச்சுத் துணைக்காகத் தொடங்குபவர்கள்தான் அதிகம்.

சென்னை, பெங்களூருக்காக எழுதும் பாதுகாப்பு அறிவுரைகள் நம் ஊருக்குப் பொருந்துவதில்லை. ஆப்பில் "2 கிலோமீட்டர் தூரத்தில்" என்று காட்டும். சென்னையில் அந்த வட்டத்துக்குள் லட்சம் பேர் இருப்பார்கள். காட்பாடியில் அந்த வட்டத்துக்குள் ஒரு வளாகம், கொஞ்சம் கடைகள், ரயில் நிலையம். அவ்வளவுதான். என் ப்ரொஃபைலில் பேரை மாற்றி வைத்திருந்தேன். ஆனால் ஒரு படத்தில் கழுத்தில் ஐடி கார்டு பட்டை தெரிந்தது. விருப்பமில்லை என்று சொன்ன ஒருவன் என் டிபார்ட்மெண்ட், என் செட், நான் டீ குடிக்கும் கடை வரை கண்டுபிடித்து ஒரு சாயங்காலம் அங்கே வந்து நின்றான். எதுவும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். அந்த செமஸ்டர் முழுக்க நான் தனியாக அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று. "முதல் சந்திப்பு பொது இடத்தில் இருக்கட்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலூரில் பொது இடம் என்றால் எது? கிரீன் சர்க்கிள் பக்கம் கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒரு சித்தப்பா வருவார். கோட்டைக்குப் போனால் குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள், ஜோடியாக உட்கார்ந்தவர்களைப் போனில் படம் எடுக்கிறவனும் வருவான். அதனால் பைக்கில் ஏலகிரி போகிறார்கள், அமிர்தி ரோட்டில் போகிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று தேடிப் போகும் இடத்தில் கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள். டீச்சர் சொன்ன மூன்றாவது விஷயம் அங்கே தானாகவே அமைந்துவிடுகிறது.

சேர்க்காடு ஆய்வாளர்

கொஞ்சம் எண்களையும் வைத்துப் பேசலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019ல் நடத்தி 2020ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், டேட்டிங் தளங்களைப் பயன்படுத்திய 18 முதல் 34 வயதுப் பெண்களில் 60 சதவீதம் பேர், விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் எதிராளி தொடர்பு கொண்டபடியே இருந்தார் என்றார்கள். 57 சதவீதம் பேருக்குக் கேட்காமலே ஆபாசப் படமோ செய்தியோ வந்திருக்கிறது. உடலுக்குத் தீங்கு செய்வேன் என்ற மிரட்டல் 19 சதவீதம் பேருக்கு. அதே வயது ஆண்களுக்கும் இவை நடக்கின்றன, விகிதம் மட்டும் குறைவு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2017 முதல் 2020 வரை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த பாலியல் வன்முறை வழக்குகளின் பதிவேடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். தெரிந்த ஆளால் பாதிக்கப்பட்ட 1,968 பேரில் 274 பேர், அதாவது 14 சதவீதம், ஆப்பில் அறிமுகமானவரை முதன்முறை சந்தித்தபோது தாக்கப்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது. மற்ற வழக்குகளைவிட இது அதிகம். ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல். வலுவில்லாத ஆளைத் தேடிப் பிடிக்க இந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இதை வைத்து "ஆப்தான் காரணம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆப் வைத்திருப்பவர்கள் பொதுவாகவே புதியவர்களோடு அதிகம் பழகுபவர்களாக இருக்கலாம், தனிமையில் இருப்பவர்களாக இருக்கலாம். ஒரு நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. நம் ஊரையே பாருங்கள். 2022 மார்ச்சில் காட்பாடியில் இரவு சினிமா பார்த்துவிட்டு நண்பரோடு ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறிய பெண்ணுக்கு நடந்த கொடுமையில் எந்த ஆப்பும் இல்லை. அந்த வழக்கில் குற்றவாளிகளுக்கு 20 ஆண்டுச் சிறைத் தண்டனை வந்தது 2025 ஜனவரியில்.

ஓட்டேரி டீச்சர்

அந்த வழக்கை நீங்கள் குறிப்பிட்டது நல்லது. அது வெளியே வந்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். குற்றவாளிகள் தங்களுக்குள் தகராறு செய்து போலீஸிடம் சிக்கியபோதுதான் நடந்தது தெரிந்தது. படித்த, வேலையில் இருக்கும் ஒருவருக்கே உடனே சொல்வது அத்தனை கஷ்டமாக இருக்கும் என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பொள்ளாச்சியிலும் அதுதான் நடந்தது. 2019ல் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுக்கும்வரை பெண்களைப் பாலியல் வன்முறை செய்து வீடியோ எடுத்த கும்பல் அதைக் காட்டியே பலரை மிரட்டிக்கொண்டிருந்தது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சொல்ல ஒருவர் முன்வந்ததால் வந்த தீர்ப்பு அது.

ஆம்பூர் அக்கா

ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். அவுட்பாஸ் விதி பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

பெரும்பாலான ஹாஸ்டல்களில் கேட் மூடிய பிறகு வந்தால் உடனே வீட்டுக்கு போன் போகும். பாதுகாப்புக்காக வைத்த விதி. ஆனால் ஒரு பெண் வெளியே யாரையோ பார்க்கப் போய், அந்த ஆளிடம் ஏதோ சரியில்லை என்று பாதியில் புரிந்துகொள்கிறாள். மணி ஆகிவிட்டது. இப்போது திரும்பி வந்தால் அப்பாவுக்கு போன். காலையில் ஆறு மணிக்கு வந்தால் "தோழி வீட்டில் தங்கினேன்" என்று சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பிடிக்காத ஆளோடு ராத்திரி முழுக்க இருப்பதே பரவாயில்லை என்று நம் கேட் அவளை நினைக்க வைக்கிறது.

எங்கள் விடுதியில் நிர்வாகத்திடம் பேசி இதை மாற்றினோம். எந்த நேரத்தில் வந்தாலும் முதலில் உள்ளே விட வேண்டும். சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும். விசாரணை மறுநாள்தான். வீட்டுக்குச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை அவளோடு பேசிவிட்டு முடிவு செய்கிறோம். இதனால் எல்லோரும் லேட்டாக வர ஆரம்பிப்பார்கள் என்று பயந்தார்கள். அப்படி ஆகவில்லை. அழுதுகொண்டே வந்தவர்கள் கேட்டிலேயே நின்று பேசினார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் 17தான். ஆப்பில் 18 என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். 18 முடியாதவர் என்றால், பையனோ பெண்ணோ, போக்சோ சட்டம் வரும். தெரிந்த பிறகு நான் மறைக்க முடியாது, போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். அதனால் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே அதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவேன். பிறகு தெரிந்து ஏமாற்றிவிட்டதாக நினைத்தால் அடுத்த பிள்ளை வராது.

பாலாறு

எல்லோரும் பெண் பிள்ளைகளை வைத்தே பேசுகிறீர்கள். நான் ஆண், ஆண்களை விரும்புபவன். படித்த காலத்தில் கிரைண்டர் வைத்திருந்தேன். ஒரே படம், ஒரே ஆள் என்று நம்பிப் போன இடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அடித்தார்கள், போனைப் பிடுங்கி யூபிஐயில் இருந்ததை எல்லாம் அனுப்ப வைத்தார்கள், வீடியோ எடுத்தார்கள். "போலீசுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நம்பிவிட்டேன்.

அது பொய் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கிய பழைய 377வது சட்டப் பிரிவைச் சொல்லியே பையன்களை மிரட்டுகிறார்கள். காட்பாடியிலோ வாணியம்பாடியிலோ இருக்கும் ஒரு பையனுக்கு அந்தத் தீர்ப்பை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? புகாரே வராது என்று தெரிந்துதான் எங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். டீச்சர் சொன்ன வீட்டுப் பயம் எங்களுக்கு இரண்டு மடங்கு. படம் போனால் மானம் போகும் என்பது ஒன்று, நான் யார் என்பதே வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று.

சத்துவாச்சாரி வக்கீல்

பாலாறு, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு நடந்தது கொள்ளை, மிரட்டிப் பணம் பறித்தல், காயப்படுத்துதல். மூன்றுக்கும் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அந்தப் புகாரில் நீங்கள் யாரை விரும்புபவர் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆண் மீது நடக்கும் பாலியல் வல்லுறவுக்கென்று தனிப் பிரிவு இல்லை. பழைய 377 போனபோது சம்மதமில்லாத செயலுக்கு இருந்த பாதுகாப்பும் சேர்ந்து போய்விட்டது. வழக்கறிஞர்களான எங்களுக்கு இது பெரிய குறை.

படம், வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் பெண்கள் முதலில் சொல்வது, "நானே தானே மேடம் அனுப்பினேன்". அனுப்பியது அவனுக்கு மட்டும். சன்ஹிதாவின் 77வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம். அந்தப் பிரிவு பெண்களுக்கானது. ஐடி சட்டத்தின் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66இ பிரிவு இரு பாலாருக்கும் பொருந்தும். பரப்புவேன் என்று சொல்லிப் பணம் பறித்தால் சன்ஹிதாவின் 308, ஏழு ஆண்டு வரை சிறை. ஹாஸ்டலர் தங்கை எழுதினாரே, வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்து வந்து நிற்பது, அது 78.

18 முடிந்தவர் தனியாகவே புகார் கொடுக்கலாம். பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. பெண்ணின் பாலியல் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. நடைமுறையில் "அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லும் நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையோடு எத்தனை பெண்கள் படியிறங்கிப் போயிருப்பார்கள்! அதனால்தான் கூட ஒரு ஆளை அழைத்துப் போகச் சொல்கிறேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குக் கூப்பிடலாம்.

பெயர் வேண்டாம்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. அவசரம். என் ரூம்மேட் பையன். ஆப்பில் ஒரு பெண் பேசினாள், வீடியோ காலுக்கு வரச் சொன்னாள், போனான். அதை ரெக்கார்டு பண்ணி இப்போது 15,000 கேட்கிறார்கள். 4,000 அனுப்பிவிட்டான். ராத்திரி 11 மணிக்குள் மீதி வராவிட்டால் இன்ஸ்டாவில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புவோம் என்கிறார்கள். அவன் அம்மா பேரையும் சொல்லிக் காட்டுகிறார்கள். அவன் செத்துடலாம்னு சொல்கிறான். என்ன செய்வது?

ஓட்டேரி டீச்சர்

தம்பி, முதலில் அவனைத் தனியாக விடாதே. பாத்ரூமுக்குப் போனாலும் வாசலில் நில். 14416க்கு அவனோடு சேர்ந்து போன் போடு, அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். அவனிடம் சொல், இது தினமும் பலருக்கு நடக்கும் மோசடி. அந்தப் பக்கம் இருப்பது பெண்ணாகவே இருக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே எடுத்த வீடியோவை ஓட விடுவார்கள். அவன் அசிங்கமானவன் கிடையாது.

சத்துவாச்சாரி வக்கீல்

இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். கொடுத்தவனிடம்தான் திரும்பக் கேட்பார்கள். சாட்டை அழிக்காதீர்கள், அவனைப் பிளாக் பண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்: போன் எண், யூபிஐ ஐடி, இன்ஸ்டா முகவரி, ஆப்பில் இருந்த ப்ரொஃபைல். ஆப்பில் அவர்கள் அன்மேட்ச் செய்து தொடர்பைத் துண்டித்துவிட்டால் உங்கள் பக்கமும் பேச்சு மறைந்துவிடும், அதனால் அதை முதலில் எடுங்கள். பணம் போயிருப்பதால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரை முழுதாகப் பதிவு செய்யுங்கள். இன்ஸ்டா கணக்கை இப்போதே பிரைவேட் ஆக்கி, பின்தொடர்பவர் பட்டியலை மறைக்கச் சொல்லுங்கள்.

நாளைக்கு போலீஸ், சிபிஐ, யூடியூப் அதிகாரி என்று யாராவது கூப்பிட்டு வீடியோவை நீக்கப் பணம் கேட்பார்கள். அதுவும் அதே கும்பல்தான்.

சேர்க்காடு ஆய்வாளர்

ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு சேவை இருக்கிறது, 2021 டிசம்பரில் தொடங்கியது, இலவசம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு அடையாளக் குறியீடு உருவாக்கி, குறியீட்டை மட்டும் அனுப்பும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், பம்பிள் போன்ற தளங்களில் அதே படம் ஏறினால் அதை வைத்துப் பிடிப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு நேராக அனுப்புவதை இது தடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. குறைந்தவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக இருக்கிறது. ஏதாவது தளத்தில் ஏறிவிட்டால் அந்தத் தளத்துக்கே புகார் கொடுங்கள், 2021ல் வந்த ஐடி விதிகள் இப்படிப்பட்ட படங்களை நீக்க 24 மணி நேரக் கெடு வைத்தன.

குடியாத்தம் அப்பா

தம்பி, உன் நண்பனுக்கு வீட்டில் இதைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் பேசுகிறேன். நானும் ஒரு அப்பா, அவருக்கு எப்படிச் சொன்னால் கோபம் வராது என்று எனக்குத் தெரியும். நெறியாளர் வழியாக எனக்குத் தனிச் செய்தி அனுப்பு. குடியாத்தத்திலிருந்து நேரில் வரவும் தயார்.

ஓட்டேரி டீச்சர்

அப்பா அம்மாவிடம் உடனே முடியாவிட்டாலும், வீட்டில் ஒருவரிடம், அண்ணன், அக்கா, மாமா யாராக இருந்தாலும், 11 மணிக்கு முன் அவனே சொல்லிவிடட்டும். "உன் வீட்டுக்குச் சொல்வேன்" என்பதைத் தவிர மிரட்டுபவனிடம் வேறு சரக்கு இல்லை. வீட்டில் ஒருவர் "சரி, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டால் அவன் வியாபாரம் படுத்துவிடும்.

பெயர் வேண்டாம்

அவன் அண்ணன் ராணிப்பேட்டையில் வேலை செய்கிறார். போன் போட்டோம். திட்டவில்லை. "இரு, வரேன்" என்று மட்டும் சொன்னார். 1930ல் பதிந்துவிட்டோம், எண் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை.

பெயர் வேண்டாம் (மறுநாள்)

அண்ணன் ராத்திரியே பைக்கில் வந்து இவனோடு தங்கினார். 11 மணிக்கு மேல் இரண்டு பேருக்கு உண்மையிலேயே அனுப்பிவிட்டார்கள். ஒருவன் எங்கள் கிளாஸ். அவன் பார்த்ததும் ரிப்போர்ட் செய்துவிட்டு, "மச்சி, யாரோ உன் பேர்ல ஃபிராடு பண்றான், பார்த்துக்கோ" என்று மெசேஜ் போட்டான். இன்னொருவன் ஸ்கூல் நண்பன், அவனும் ரிப்போர்ட் செய்துவிட்டான். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. இவன் காலையில் இட்லி சாப்பிட்டான். இன்று அண்ணனோடு சைபர் கிரைம் போலீஸுக்குப் போகிறார்கள். அனைவருக்கும் நன்றி. அங்கிள், உங்களுக்கு ரொம்ப.

காட்பாடி ஹாஸ்டலர்

நிம்மதி. அந்த கிளாஸ்மேட் செய்ததை எல்லோரும் கவனியுங்கள். படம் தன் கைக்கு வந்தபோது அடுத்தவனுக்கு அனுப்பாமல் நிறுத்தினான். எங்கள் பேட்சில் ஒரு பெண்ணுக்கு நடந்தபோது அதைச் செய்ய ஒருவரும் இல்லை. குரூப் குரூப்பாகப் போனது. அவள் அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள். முதலில் அனுப்பியவன் ஒருவன்தான், மீதியை எங்களோடு மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் செய்தார்கள். எனக்கு அதை மன்னிக்க முடியவில்லை.

சத்துவாச்சாரி வக்கீல்

தங்கை, ஃபார்வேர்டு செய்தவரும் சட்டப்படி குற்றவாளிதான். ஐடி சட்டம் 67ஏ அவருக்கும் பொருந்தும், முதல் தடவையே ஐந்தாண்டு வரை சிறை.

செய்தவன் அதே கல்லூரி மாணவன் என்றால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கும் போகலாம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படக்கூடும் என்று அந்த விதிமுறைகளே சொல்கின்றன. பாலாறு போன்றவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உடலுக்குத் தீங்கு நடந்திருந்தால் போலீஸுக்கு முன் மருத்துவமனை. அரசு, தனியார் எதுவாக இருந்தாலும் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவருக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், ஆண்களுக்கும்தான். யோசித்துக்கொண்டே நான்கு நாள் கழித்து வந்தால் அந்த வழி மூடிவிடுகிறது.

பாலாறு

72 மணி நேரம் என்பது எனக்கு அன்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் முடிவு வரும்வரை இருந்த நாட்களை யாரும் படக்கூடாது. ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் இதை எழுதிப் போடுங்கள், யாருக்காக என்று போட வேண்டாம். படிக்க வேண்டியவன் படித்துக்கொள்வான்.

குடியாத்தம் அப்பா

என் மகளிடம் நேற்று ராத்திரி பேசினேன். ஆப் வைத்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. இப்படி ஒரு பையனுக்கு நடந்தது என்று மட்டும் சொன்னேன். "அவன் அண்ணன் திட்டலையாப்பா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். "உனக்கு நடந்தாலும் நான் திட்ட மாட்டேன், எந்த நேரமானாலும் வந்துடுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதை இங்கே எழுத மாட்டேன். டீச்சருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். "கேட் மூடிய பிறகு வரும் பிள்ளையை முதலில் உள்ளே விடுவீர்களா? மிரட்டல் வந்ததாகச் சொன்னால் எங்களுக்கு போன் போடும் முன் அந்தப் பிள்ளையிடம் கேட்பீர்களா? உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எண் ஹாஸ்டலில் எங்கே ஒட்டியிருக்கிறது?" இவை போதுமா?

ஆம்பூர் அக்கா

போதும் சார். ஆனால் கேள்வியாகக் கொடுத்தால் "பார்க்கிறோம்" என்பார்கள். "பெற்றோராகிய நாங்கள் இதற்குச் சம்மதிக்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எங்களை மாதிரி வார்டன்கள் வீட்டுக்கு உடனே போன் போடுவதே, பிறகு நீங்கள் வந்து "ஏன் சொல்லவில்லை" என்று சண்டை போடுவீர்கள் என்ற பயத்தில்தான். பத்துப் பெற்றோர் கையெழுத்து இருந்தால் நிர்வாகத்திடம் காட்ட எங்களுக்கு ஒரு காகிதம் கிடைக்கும்.

காட்பாடி ஹாஸ்டலர்

அங்கிள், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ராத்திரியில் முதலில் பார்ப்பது அவரைத்தான், "எங்கே போயிட்டு வர்றே" என்று அவர் கேட்கும் தொனியிலேயே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

குடியாத்தம் அப்பா

சேர்த்துவிட்டேன் அம்மா. எங்கள் தெருவிலேயே மூன்று பேரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன்.